குடியேறியின் கடிதங்களும் குடிகளின் நிலமும்: கேரன் பிளிக்சனின் ஆப்பிரிக்க ஆவணங்களை முன்வைத்து

முன்னுரை

காலனித்துவக் கால வரலாற்றை எழுதுவோர் முதலில் நாடுவன அரசு ஆவணங்கள். ஆணைகள், ஆண்டறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டே வரலாற்றின் பெரும்பகுதி எழுதப்பட்டுள்ளது. இவற்றுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவன தனிமனிதர் விட்டுச் சென்ற கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்கேடுகள் முதலியனவாகும். வேற்று நாட்டில் நிலம் பெற்றுப் பயிர் செய்யச் சென்ற ஐரோப்பியக் குடியேறிகள் இத்தகைய தாள்களை மிகுதியாக விட்டுச் சென்றுள்ளனர். தாயகத்திலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்தவர்களுக்கு அஞ்சலே உறவுப் பாலமாக இருந்தமை அதற்குக் காரணம்.

இத்தாள்களை ஆய்வாளர் எவ்வாறு படிப்பது? அவற்றை எழுதியவரின் மனத்தை மட்டுமே அவை காட்டுமா, அவர் காலூன்றிய நிலத்தின் பழைய குடிகளைப் பற்றியும் நமக்குச் சொல்லுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது. கென்யாவில் 1914 முதல் 1931 வரை காப்பிப் பண்ணை நடத்திய டென்மார்க் நாட்டுப் பெண்மணி கேரன் பிளிக்சனின் கடிதங்களை இதற்குரிய சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அவர் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளரானார். எனினும், இங்கு நாம் அவரை இலக்கியவாணராகக் கருதாமல், கடன்பட்டும் வானம் பார்த்தும் பயிர் செய்த ஒரு குடியேறிப் பண்ணையாளராகவே நோக்குகிறோம்.

பண்ணையும் கடிதத் தொகுப்பும்

கேரன் டினேசன் 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் டென்மார்க்கின் ருங்ஸ்டெட்லுண்ட் என்னும் இல்லத்தில் பிறந்தார். சுவீடன் நாட்டுப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த புரோர் பிளிக்சனை மணக்க இசைந்தபின், இருவரும் கடல்கடந்து சென்று வாழ முடிவு செய்தனர். அப்போது முதலில் எண்ணப்பட்ட இடம் ஆப்பிரிக்கா அன்று, மலாயா! கேரனின் தாய்மாமன் ஆகா வெஸ்டன்ஹோல்ஸ் சயாமில் தொழில் நடத்திப் பொருளீட்டியவர். மலாயாவில் ரப்பர்த் தோட்டமும் உடையவர். அத்தோட்டத்திற்குச் செல்வதாக இருந்த இணையர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டையாடித் திரும்பிய மற்றோர் உறவினரின் புகழுரையைக் கேட்டு மனம் மாறினர். இல்லையேல், நாம் இங்கு ஆராயும் கடிதங்கள் மலாயாவின் பால்மரக் காட்டிலிருந்து எழுதப்பட்டிருக்கக்கூடும்.

புரோர் 1913இல் முன்னதாகச் சென்று, நைரோபிக்கு அருகில் சுவீடன் நாட்டவர் ஒருவரிடமிருந்து நிலம் வாங்கினார். 1914 ஜனவரி 14ஆம் நாள் கேரன் மொம்பாசாவில் வந்திறங்கினார். அன்றே திருமணமும் நடைபெற்றது. 1916இல் குடும்பத்தாரின் முதலீட்டோடு ‘கேரன் காப்பி நிறுவனம்’ அமைக்கப்பட்டது. வெஸ்டன்ஹோல்ஸ் அதன் தலைவராக விளங்கினார். ங்கோங் குன்றுகளின் அடிவாரத்தில் கடல்மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கும் கூடுதலான உயரத்தில் அமைந்த அப்பண்ணை 6,000 ஏக்கர் பரப்புடையது. அதில் ஏறத்தாழ 600 ஏக்கரில் காப்பி பயிரிடப்பட்டது. ஏறத்தாழ 1,000 ஏக்கர் கிக்கூயு மக்கள் குடியிருந்து பயிர் செய்த நிலமாகும். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி காடும் புல்வெளியுமாக இருந்தது.

இப்பண்ணையிலிருந்து பதினேழு ஆண்டுகள் அவர் தம் தாய் இங்கபோர்க், தம்பி தாமஸ், சகோதரி எல்லன், சிற்றன்னை பெஸ் வெஸ்டன்ஹோல்ஸ் முதலியோருக்கு டேனிய மொழியில் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். 1962இல் அவர் மறைந்த பின்னர், ஃபிரான்ஸ் லாசன் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த பதிப்பு 1978இல் வெளிவந்தது. 1981இல் ஆன் போர்னின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இக்கடிதங்களே நம் ஆய்வுக்குரிய முதன்மைச் சான்றுகளாகும்.

நிலம் வந்த வழி

கடிதங்களுக்குள் நுழையுமுன், அவற்றில் மிக அரிதாகவே பேசப்படும் ஒரு செய்தியை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அப்பண்ணையின் நிலம் குடியேறிகளின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதே அது.

பிரித்தானியர் 1895இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்பு நாட்டை அறிவித்தனர். மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1899இல் நைரோபியையும் 1901இல் விக்டோரியா ஏரியையும் எட்டியது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுசெல்லப்பட்ட 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உழைப்பில் உருவான பாதை அது. அதற்குச் செலவான பெரும்பணத்தை ஈடுசெய்ய, பாதையோர உயர்நிலங்களில் ஐரோப்பியரைக் குடியேற்றி ஏற்றுமதிப் பயிர் வளர்க்க அரசு விரும்பியது. 1902ஆம் ஆண்டு அரசுநிலச் சட்டம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வழிவகுத்தது. 1915ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 999 ஆண்டுகளாக நீட்டித்தது. அதே சட்டம், ஆப்பிரிக்கர் வாழ்ந்த நிலங்களையும் அரசுநிலம் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 1921இல் கென்ய உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கிக்கூயு மக்கள் தாம் வழிவழியாக ஆண்ட நிலத்தில் அரசு விரும்பும்வரை மட்டுமே இருக்கத்தக்க குடிகள் என்னும் நிலையை உறுதிப்படுத்தியது.

இச்சூழலில் ‘ஸ்குவாட்டர்’ என்னும் சொல் கென்யாவில் பெற்ற பொருளை நோக்குதல் வேண்டும். மலேசியத் தமிழில் ‘புறம்போக்குக் குடியிருப்பாளர்’ என்று நாம் வழங்கும் சொல்லோடு அது முழுமையாகப் பொருந்துவதன்று. கென்யாவில் அச்சொல், ஐரோப்பியரின் பண்ணை எல்லைக்குள் குடிசையும் சிறு விளைநிலமும் வைத்துக்கொள்ள இசைவு பெற்று, அதற்கு ஈடாக ஆண்டிற்குக் குறைந்தது 180 நாள் பண்ணையில் உழைக்கக் கடமைப்பட்ட குடும்பத்தைக் குறித்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையை வரையறுத்தது. ஐரோப்பியர் வருமுன்னரே அந்நிலத்தில் தம் முன்னோர் வாழ்ந்திருந்த குடும்பங்களும் இவ்வாறு ‘ஒண்டியிருப்போர்’ ஆயின. நிலத்தைப் பறிகொடுத்தவனே நிலத்தில் அத்துமீறியவன் போலப் பெயர் பெற்றான் என்பதே இச்சொல் வரலாற்றின் சாரமாகும்.

யாருக்கு எழுதப்பட்டன?

கடிதம் என்பது ஒருவர் மற்றொருவருக்கு எழுதுவது. எனவே, பெறுநர் யார் என்பதை வைத்தே அதன் உள்ளடக்கத்தை மதிப்பிட வேண்டும். பிளிக்சனின் கடிதங்களில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலனாகின்றது.

தாய்க்கு எழுதியவற்றில் இயற்கை வருணனை, விருந்தினர் வருகை, பணியாட்களின் குணநலன்கள், அடுத்த விளைச்சலைப் பற்றிய நம்பிக்கை ஆகியவை மேலோங்கி நிற்கின்றன. தம்பி தாமசுக்கு எழுதியவற்றின் தொனியோ வேறு. தாமஸ் முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து விக்டோரியா சிலுவை விருது பெற்றவர். 1920களின் தொடக்கத்தில் பண்ணையிலேயே தங்கித் தமக்கைக்கு உதவியவர். ஆதலால், கணவரால் நேர்ந்த நோய், மணமுறிவு, தனிமை, தோல்வியச்சம் ஆகியவற்றை அவரிடமே கேரன் மனந்திறந்து எழுதினார். சிற்றன்னை பெஸ்ஸுக்கு எழுதியவை திருமணம், பெண்ணுரிமை, ஒழுக்கம் பற்றிய நீண்ட வாதங்களாக விளங்குகின்றன. ஒரே பண்ணை, ஒரே ஆண்டு, ஒரே கை. எனினும் மூவருக்கு எழுதியவை மூன்று உலகங்களைக் காட்டுகின்றன.

இன்னொன்றும் இங்குக் கருதத்தக்கது. குடும்பத்தார் வெறும் உறவினர் அல்லர். பண்ணையில் பணம் போட்டவர்கள். 1921இல் வெஸ்டன்ஹோல்ஸ் நேரில் வந்து பண்ணையை ஆய்வு செய்தார். புரோர் நிருவாகத்திலிருந்து விலக்கப்பட்டு, கேரன் மேலாளராக நியமிக்கப்பட்டார். அதன்பின் அவர் வீட்டுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒருவகையில் முதலீட்டாளருக்கு மேலாளர் அனுப்பும் அறிக்கையுமாகும். அடுத்த ஆண்டு மழை பெய்யும், விலை ஏறும், இன்னும் சிறிது காலம் பொறுத்திருங்கள் என்னும் வேண்டுகோள் மகளின் அன்புரைக்குள் கலந்திருக்கின்றது. அக்கடிதங்களில் காணும் விளைச்சல் மதிப்பீடுகளை அப்படியே தரவுகளாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் இவ்விடத்தில் வழுக்கி விழ நேரும்.

குடியேறி என்றும் தோட்டத் துரை என்றும் நாம் பிரித்துப் பேசுவது வழக்கம். மலாயாவின் துரைமார் பெரும்பாலும் இலண்டன் நிறுவனங்களின் சம்பளக்காரர்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்புவோர். கென்யக் குடியேறிகளோ தலைமுறைகளுக்கு வேரூன்றும் எண்ணத்தோடு வந்தவர்கள். பிளிக்சன் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர். மனத்தளவில் அவர் குடியேறி. சட்டப்படி நிறுவனத்தின் பணியாளர். தமதென்று அவர் கடிதந்தோறும் எழுதிய நிலம் நிறுவனத்தின் சொத்தாகும். இந்த முரண் 1931இல் முழுமையாக வெளிப்பட்டது.

ரூபாயும் கடனும்

கடிதங்களின் மிக வலிமையான பகுதி பொருளியல் பற்றியதாகும். காப்பிச் செடி ஏக்கருக்கு 600 என்னும் கணக்கில் நடப்பட்டது. நட்டபின் நான்கைந்து ஆண்டுகள் கழித்தே காய்க்கும். அதுவரை களையெடுப்புக்கும் கூலிக்கும் பணம் சென்றுகொண்டேயிருக்கும். பண்ணையின் உயரமோ காப்பிக்கு ஏற்றதன்று. குளிர்காற்றும் மழைப்பொய்ப்பும் பூவையும் பிஞ்சையும் கெடுத்தன. 1923இல் காப்பி பதப்படுத்தும் ஆலை தீக்கிரையானது. 1920களின் இறுதியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. அதைத் தொடர்ந்து உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது.

இவற்றோடு நாணய மாற்றமும் சேர்ந்துகொண்டது. இந்திய ஆய்வியல் மாணவர்கள் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கா அக்காலத்தில் இந்தியாவின் நிருவாக நிழலில் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டமே அங்கு 1930 வரை நடைமுறையில் இருந்தது. நாணயமும் ரூபாயே. நெடுங்காலம் 1 ஷில்லிங் 4 பென்சாக இருந்த ரூபாயின் மதிப்பு, முதல் உலகப் போருக்குப்பின் வெள்ளி விலையோடு உயர்ந்தது. 1920இல் அரசு அதனை 2 ஷில்லிங்காக நிலைநிறுத்தியது. பின்னர் ஃபுளோரினும் அதன்பின் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங்கும் வந்தன. உள்ளூர் வங்கியில் ரூபாயில் கடன் வாங்கியிருந்த பண்ணையாளரின் சுமை, ஸ்டெர்லிங் கணக்கில் பாதியளவு கூடிவிட்டது. ஆனால் அவர் விற்ற காப்பியோ இலண்டனில் ஸ்டெர்லிங் விலைக்கே போயிற்று.

இந்தச் சுமையைக் குடியேறிகள் எவர் தோளில் இறக்கி வைத்தனர்? 1921இல் ஆப்பிரிக்கத் தொழிலாளரின் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க அவர்கள் முனைந்தனர். குடிசைவரி, தலைவரி ஆகியவற்றின் சுமையும் ஒருங்கே கூடியிருந்த காலம் அது. இதனை எதிர்த்து ஹாரி துக்கு நைரோபியில் இயக்கம் கண்டார். 1922 மார்ச்சில் அவரைக் கைது செய்தபோது கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். இவையனைத்தும் ங்கோங் பண்ணையிலிருந்து சில மைல் தொலைவில் நிகழ்ந்தவை. பண்ணைக் கணக்கில் ஒரு வரியாகத் தோன்றும் கூலிக்குறைப்பு, தெருவில் குருதி சிந்திய நிகழ்ச்சியின் மறுபக்கம் என்பதைக் கடிதங்களோடு அரசு ஆவணங்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நாம் உணர முடிகின்றது.

காப்பியால் வருவாய் கண்டவர் அப்பண்ணையில் எவருமிலர் என்று சொல்லிவிடலாம். எனினும், பயிரிடும் உரிமையே மறுக்கப்பட்டவர் கிக்கூயு உழவரே என்பதை மறத்தலாகாது. 1950கள் வரை அவர்கள் தம் நிலத்தில் காப்பி பயிரிடுவது பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தது. கூலியாளாக அவர்கள் பழகிய தொழிலை உழவராகச் செய்ய அவர்களுக்கு இசைவில்லை.

கடிதமும் நூலும்

பிளிக்சன் 1937இல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ என்னும் நினைவுநூல் இதே பண்ணை வாழ்வைச் சொல்வது. கடிதங்களையும் நூலையும் ஒப்புநோக்குவது வரலாற்று மாணவருக்குச் சிறந்த பயிற்சியாகும்.

நூலில் காலவரிசை பெரிதும் நீக்கப்பட்டுள்ளது. கணவரைப் பற்றிய குறிப்பு மிக அருகியே வருகின்றது. முதலீட்டாளரான குடும்பத்தார் கண்ணில் படுவதேயில்லை. கடிதங்களில் பக்கந்தோறும் நெருக்கும் கடன், நூலில் இறுதிப் பகுதியில் ஊழ்போல வந்து நிற்கின்றது. கடிதங்களில் நாம் காணும் பிளிக்சன் எரிச்சலுறுகிறார், பணிமாந்தரைப் பொதுமைப்படுத்திப் பேசுகிறார், தம் இனத்தாரின் கருத்துகளைச் சில இடங்களில் அப்படியே ஏற்கிறார். ஆண்டுகள் செல்லச் செல்ல, சக குடியேறிகளின் குறுகிய மனப்போக்கைச் சாடுகிறார். பண்ணைச் சிறார்க்குப் பள்ளி தொடங்கப் பாடுபடுகிறார். ஒருவரின் கருத்து பதினேழு ஆண்டுகளில் எவ்வாறு இடறியும் திருந்தியும் நடந்தது என்பதை அன்றன்று எழுதிய கடிதமே காட்டும். பின்னோக்கி எழுதிய நூலில் அந்நடையின் தடம் துடைக்கப்பட்டுவிட்டது.

அதே வேளையில், நூல் சொல்லுவதும் கடிதங்கள் அழுத்திச் சொல்லாததுமான ஓர் உண்மையும் உண்டு. பண்ணைக் குடிகள் அங்கேயே பிறந்தவர்கள், அவர்தம் தந்தையரும் அங்கே பிறந்தவர்கள், அவர்கள் பார்வையில் தாமே ஒரு பெரிய ஸ்குவாட்டராகத் தோன்றியிருக்கக்கூடும் என்னும் கருத்தை நூலில் அவர் பதிவு செய்துள்ளார். இதனை எழுதியவர் அதன் முழுப்பொருளையும் ஏற்றுத் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளவில்லை. நிலவுரிமையின் அடிப்படையை அவர் வினவவுமில்லை. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1980இல் கோபன்ஹேகனில் ஆற்றிய உரையில் இந்நூலைக் கடுமையாகச் சாடினார். ஆப்பிரிக்கரைச் செல்லப் பிராணிகளுக்கு நிகராகக் காட்டும் அன்பு, வெறுப்பைவிடக் கேடு விளைப்பது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அவ்வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, அது எழுப்பும் வினா எந்தக் குடியேறியின் ஆவணத்துக்கும் பொருந்தும். அன்போடு எழுதப்பட்டது என்பதனால் மட்டும் ஓர் ஆவணம் நடுநிலையானதாகிவிடாது.

கழுத்தில் தொங்கிய இரண்டு தாள்கள்

அப்பண்ணையில் ஆப்பிரிக்கரின் கைக்கு வந்த தாள்கள் எவை? இவ்வினா நம் ஆய்வை வேறொரு திசைக்கு இட்டுச் செல்கின்றது.

முதலாவது, ‘கிப்பாண்டே’ எனப்பட்ட பதிவுச்சீட்டு. 1915இல் இயற்றப்பட்டு, முதல் உலகப் போருக்குப்பின் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வயதுவந்த ஆப்பிரிக்க ஆடவர் ஒவ்வொருவரும் இதனைக் கொண்டிருக்க வேண்டும். பெயர், கைரேகை, வேலைக்குச் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பெற்ற கூலி ஆகியவை அதில் பதியப்பட்டன. முதலாளி கையெழுத்திட்டு விடுவிக்காதவனை வேறெவரும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள இயலாது. உலோகக் கூட்டில் இட்டு அதனைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தனர்.

இரண்டாவது, பிளிக்சன் தம் நூலில் விவரிக்கும் ஒரு தாள். பண்ணையில் நேர்ந்த துப்பாக்கி விபத்தில் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனை வளர்த்த ஜொகோனா என்னும் கிக்கூயு முதியவரின் உரிமையைப் பிறர் மறுத்தபோது, அவர் பிளிக்சனிடம் வந்து தம் வரலாற்றைச் சொல்லி எழுதித் தருமாறு வேண்டினார். எழுதி முடித்ததைப் படித்துக் காட்டியபோது, தம் பெயர் ஒலித்த இடத்தில் அம்முதியவர் அடைந்த பெருமிதத்தைப் பிளிக்சன் வியந்து குறிக்கிறார். பின்னர் அத்தாளைத் தோற்பையில் இட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டார் ஜொகோனா. அவ்வப்போது கொண்டுவந்து மீண்டும் படிக்கச் செய்து கேட்டார்.

ஒரே காலத்தில் கிக்கூயு ஆடவர் கழுத்தில் தொங்கிய இவ்விரு தாள்களையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று அரசு எழுதியது. மனிதனைக் கூலியாகக் குறிப்பது. மற்றொன்று மனிதன் தானே சொல்லி எழுதுவித்தது. அவனைத் தந்தையாக, உரிமையாளனாக, ஒரு வரலாற்றுக்கு உடையவனாக நிலைநாட்டுவது. எழுத்தறியாத மக்கள் எழுத்தின் வலிமையை அறியாதவர் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிளிக்சன் நாடு திரும்பிய பின்னரும், அவருடைய சமையற்காரர் கமான்டே, கூலிக்கு எழுதித் தருவோர் வழியாக அவருக்குக் கடிதங்கள் அனுப்பினார். சொல்லுவார் ஒருவர், எழுதுவார் வேறொருவர் என்னும் இம்முறை, மலாயாத் தோட்டங்களில் கிராணியையோ படித்த இளைஞரையோ கொண்டு ஊருக்குக் கடிதம் எழுதுவித்த நம் மூதாதையரின் வழக்கத்தை நினைவூட்டுவதாகும்.

பண்ணை விற்பனையும் குடிகளின் கோரிக்கையும்

நிறுவனம் 1931இல் பண்ணையை விற்றது. வாங்கியவர் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கத் திட்டமிட்டார். நைரோபியின் ‘கேரன்’ என்னும் இன்றைய செல்வர் குடியிருப்பு அவ்வாறு தோன்றியதே. அவ்வாண்டு மே மாதம் பிளிக்சனின் நண்பர் டெனிஸ் ஃபின்ச் ஹட்டன் விமான விபத்தில் மறைந்தார். ஆகஸ்டில் பிளிக்சன் கப்பலேறினார். திரைப்படமும் வாழ்க்கை வரலாறுகளும் இவ்விரு துயரங்களையே விரித்துரைக்கின்றன.

ஆனால் அவ்வாண்டில் அப்பண்ணையில் நடந்த பெருநிகழ்ச்சி வேறொன்று எனக் கருதுகிறோம். விற்பனையோடு குடிகள் அனைவரும் வெளியேற வேண்டும் என்றாயிற்று. உயர்நிலப் பகுதியில் ஆப்பிரிக்கர் நிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே: எங்கு அனுப்பினாலும் எங்களைப் பிரிக்காமல் ஒன்றாக அனுப்புங்கள். நிலத்தோடு தம் கடந்தகாலத்தையும் இழப்போர், அக்கடந்தகாலத்தை அறிந்த அண்டை அயலாரையேனும் இழக்காதிருக்க விரும்பினர். பிளிக்சன் தம் இறுதி மாதங்களை இதற்காகவே செலவிட்டார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார், ஆளுநரையும் நாடினார். முடிவில் டகொரெட்டி வனக்காப்பு நிலத்தின் ஒரு பகுதியில் அவர்களைச் சேர்த்துக் குடியமர்த்த அரசு இசைந்தது.

இதனை அவர்தம் அருஞ்செயலாக நாம் மதிக்கலாம், மதிக்கவும் வேண்டும். எனினும், அச்செயல் தேவைப்பட்டதே அங்கிருந்த நில ஒழுங்கின் குற்றமாகும். நூற்றுக்கணக்கான மக்கள் தம் மண்ணில் ஒன்றாக வாழ்வதற்கு ஓர் ஐரோப்பியப் பெண்மணியின் நல்லெண்ணமும் பரிந்துரையும் இன்றியமையாதனவாக இருந்தன. வேறு பண்ணைகளில் அத்தகைய நல்லெண்ணம் வாய்க்காத குடிகள் எங்குச் சென்றனர் என்பதைக் குடியேறியின் கடிதங்களில் தேடிப் பயனில்லை. அதற்கு 1932இல் அமைக்கப்பட்ட கென்ய நில ஆணையத்தின் பதிவுகளை நாட வேண்டும். மோரிஸ் கார்ட்டர் தலைமையிலான அவ்வாணையத்தின் முன் கிக்கூயு மக்கள் அளித்த வாக்குமூலங்களும் மனுக்களும் 1934இல் மூன்று தொகுதிகளாக அச்சேறின. குன்று, ஓடை, முன்னோர் பெயர், எல்லை மரம் எனச் சுட்டிச்சுட்டி அவர்கள் தம் நிலத்தை அடையாளம் காட்டினர். பிளிக்சனின் நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1938இல், ஜோமோ கென்யாட்டாவின் ‘ஃபேசிங் மவுண்ட் கென்யா’ வெளிவந்து, கிக்கூயு நிலவுடைமை முறையை அவர்தம் பார்வையிலேயே விளக்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்த இவ்விரு நூல்களையும் மாணவர் இணைத்துப் படிப்பது நலம்.

காப்பகங்களும் நம் வகுப்பறையும்

குடியேறிகளின் தாள்கள் பேணப்படுவதற்கு முறையான ஏற்பாடுகள் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1963இல் தொடங்கிய குடியேற்ற நாட்டு ஆவணத் திட்டம், அதிகாரிகளும் பிறரும் வைத்திருந்த தனிப்பட்ட தாள்களைத் திரட்டிற்று. எல்ஸ்பெத் ஹக்ஸ்லி, கென்யாவில் பண்ணை நடத்திய தம் தாய் நெல்லி கிராண்டின் கடிதங்களை 1980இல் நூலாக்கினார். இவ்வாறு ஒரு சாராரின் குரல் தொடர்ந்து அச்சேறிக்கொண்டிருந்தது.

மறுபுறம், அரசே மறைத்து வைத்த ஆவணங்களும் இருந்தன. மாவ் மாவ் எழுச்சிக் காலக் கொடுமைகளுக்கு நீதி கேட்டு முதிய கென்யர் தொடுத்த வழக்கின்போது, முன்னாள் குடியேற்ற நாடுகள் 37இலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 8,800 கோப்புகள் இங்கிலாந்தில் வைக்கப்பட்டிருந்தமை 2011இல் வெளிப்பட்டது. அவற்றுள் மலாயாவுக்குரியனவும் அடங்கும். இக்கோப்புகள் 2012 முதல் பொதுப் பார்வைக்கு வரத்தொடங்கின. எந்தத் தாள் பேணப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது, எது எழுதப்படாமலே போகிறது என்பது தற்செயலன்று. அதிகாரத்தின் வரைபடமே அதில் தெரிகின்றது.

தமிழாசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இதனால் பெறப்படும் பயன் யாது? மலாயாத் தோட்ட வரலாற்றிலும் துரைமாரின் நினைவுக்குறிப்புகளே நூலகங்களில் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையன்று. அப்படியே ஏற்றுக்கொள்ளுதலும் ஆகாது. பிளிக்சனின் கடிதங்களைப் படித்ததில் நாம் கைக்கொண்ட முறையை மூன்று வினாக்களாகச் சுருக்கலாம். இக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, அவருக்கும் எழுதியவருக்கும் பணவழி உறவு உண்டா? இதில் கூறப்படும் பணமும் பயிரும் எவருடைய உழைப்பையும் நிலத்தையும் சார்ந்தன? இதில் பேசப்படும் மாந்தர் தாமே பேசிய பதிவு வேறெங்கேனும் உண்டா? உயர்நிலைப் பள்ளி மாணவரும் இவ்வினாக்களைக் கேட்கப் பழகலாம். பாட்டன் பாட்டியர் பெட்டியில் இருக்கும் பழைய அடையாள அட்டை, கூலிச்சீட்டு, ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டை, நீலநிற வான்கடிதம் ஆகியவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவரச் செய்து இதே வினாக்களை எழுப்பலாம். அத்தாள்கள் கறையான் வாய்ப்படுமுன் படியெடுத்து வைத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.

முடிவுரை

குடியேறிப் பண்ணையாளரின் தனிப்பட்ட கடிதங்கள் குடியேற்றப் பொருளியலின் அன்றாட இயக்கத்தையும், குடியேறியின் மனப்போராட்டத்தையும் வேறெந்த ஆவணமும் காட்டாத நுட்பத்தோடு காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் முதன்மை முடிபாகும். பெறுநரைக் கருதாமல் அவற்றின் கூற்றுகளைத் தரவாகக் கொள்ளலாகாது என்பது இரண்டாவது. நிலத்தை இழந்தோரின் வரலாற்றுக்கு அவை நுழைவாயிலாக அமையலாமேயன்றி, உறைவிடமாக அமைய இயலா என்பது மூன்றாவது.

பிளிக்சன் வாழ்ந்த இல்லத்தை டென்மார்க் அரசு, கென்ய விடுதலையையொட்டி அந்நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கியது; 1986இல் அது அருங்காட்சியகமாயிற்று. அவர்தம் கடிதங்கள் உலக மொழிகளில் கிடைக்கின்றன. ஜொகோனாவின் தோற்பைத் தாளோ, அதை எழுதிக்கொடுத்தவரின் நூலில் சில பக்கங்களாக மட்டுமே நம்மை வந்தடைந்துள்ளது. குடியேறியின் கடிதக்கட்டைப் பிரிக்கும் ஆய்வாளர் அத்தோற்பையையும் மனத்தில் கொண்டே பிரித்தல் வேண்டும்.